முன்னாள் படைவீரர் குடும்பம் ஓய்வூதியத்தையும் மருத்துவ உரிமையையும் தவறவிடாமல் பெறுவது எப்படி

உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கத்து ஊர்களில் ராணுவத்துக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. அப்படி ஒரு தெருவிலிருந்து சென்ற மாசி மாதத்தில் ஓர் அம்மா என் வீட்டுக்கு வந்தார். மஞ்சள் பைக்குள் ஒரு துணி முடிச்சு, முடிச்சுக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள், படையிலிருந்து வெளிவரும்போது அவருடைய கணவருக்குத் தரப்பட்ட டிஸ்சார்ஜ் புத்தகம். கணவர் இறந்து ஏழு மாதம் ஆகியும் குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. குடும்ப விவரம் எழுதப்பட்டிருந்த பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் எழுத்தர் நீல மையில் மனைவியின் பெயரை ‘ஒச்சாயி’ என்று ஒலிக்கும்படி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ஆதார் அட்டையிலோ ‘ஒச்சம்மாள்’ என்று இருந்தது. பிறந்த தேதி எழுத வேண்டிய இடம் வெறுமையாகவே கிடந்தது. நான் விளக்கியதைக் கேட்டுவிட்டு, “அவுக இருக்கும்போதே இதக் கேட்டிருக்கணும்ணே” என்றார் அவர். படையில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற நான், இருபது ஆண்டுகளாக அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்கு இந்தக் காகித வேலைகளில் உதவி வருகிறேன். என்னிடம் வந்த குடும்பங்களில் பெரும்பாலானவை தவித்தது சட்டம் இல்லாததால் அன்று. படைவீரர் உயிரோடு இருந்தபோது ஒரே வாரத்தில் முடிந்திருக்கக்கூடிய ஒரு திருத்தம் செய்யப்படாமல் விடப்பட்டதால்தான். ஆகவே இந்த வழிகாட்டியைப் படிக்கும் முன்னாள் படைவீரர்கள், தங்கள் மனைவியையும் அருகில் அமர்த்திக்கொண்டு படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எது சட்டம், எது அரசாணை

உங்களுக்குக் கிடைக்கும் பயன் எதன் அடிப்படையில் வருகிறது என்று தெரிந்தால்தான், அது மறுக்கப்படும்போது எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும். நம் நாட்டில் முன்னாள் படைவீரருக்கான பயன்களில் பெரும்பகுதி நாடாளுமன்றச் சட்டத்தால் வருவது இல்லை. பாதுகாப்பு அமைச்சகத்தின் விதிகளாலும் ஆணைகளாலும் வருகிறது. 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய, முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அப்படிப்பட்டது. ‘ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம்’ என்ற திட்டமும் (எந்த ஆண்டில் ஓய்வுபெற்றிருந்தாலும் பதவியும் பணிக்காலமும் ஒன்றானால் ஓய்வூதியமும் ஒன்று) 2015 நவம்பர் 7 ஆம் தேதி ஆணையால் வந்ததே. அந்த ஆணை 2014 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ஓய்வூதியம் மறுநிர்ணயம் செய்யப்பட வேண்டும் என்ற அதன் நிபந்தனைப்படி 2019 ஜூலை 1 முதலும் 2024 ஜூலை 1 முதலும் திருத்தப்பட்டது. உங்கள் பதவிக்கும் பணிக்காலத்துக்கும் உரிய தொகை இந்தத் தேதிகளுக்குப் பின் உயர்ந்திருக்கிறதா என்பதை அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வங்கிக் கணக்கில் பணம் வருகிறது என்பதாலேயே சரியான பணம் வருகிறது என்று கொள்ளக் கூடாது.

இவற்றுக்கு நடுவே, நாடாளுமன்றமே இயற்றிய முக்கியமான சட்டம் ஒன்று உண்டு. அது 2007 ஆம் ஆண்டின் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம். விதியும் ஆணையும் தவறாகப் பயன்படுத்தப்பட்டால் முறையிட இடம் தருவது அதுதான். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

காகிதங்களைச் சரிபார்த்தல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை இதற்கென ஒதுக்குங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ., கணவன் மனைவி இருவரின் ஆதார், பான் அட்டைகள், கூட்டு வங்கிக் கணக்குப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றைப் பாயில் வரிசையாகப் பரப்பி வைத்து, ஒவ்வொரு பெயரையும் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். நம் ஊர்ப் பெயர்களுக்கு இது மிகவும் அவசியம். லட்சுமியும் லெட்சுமியும் நமக்கு ஒன்று. கணினிக்கு இரண்டு பேர். தகப்பன் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போட்டுக்கொள்ளும் நம் வழக்கம் வடக்கே இல்லாததால், சில ஆவணங்களில் தகப்பன் பெயர் முழுதாக விரிந்து, படைவீரரின் பெயருக்கு முன்னால் ஒன்றிலும் பின்னால் இன்னொன்றிலும் நிற்கும். திருமணமான பெண் தலைப்பெழுத்தை மாற்றிக்கொள்ளும்போது குழப்பம் இரட்டிப்பாகிறது. பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஓர் ஆவணத்தில் ஜனவரி 1 என்றும் இன்னோர் ஆவணத்தில் ஜூலை 1 என்றும் எழுதப்பட்டிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

வேறுபாடு தெரிந்தால், திருத்த வேண்டிய இடம் நீங்கள் பணியாற்றிய ரெஜிமென்ட் அல்லது படைப்பிரிவின் பணிப்பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் ஆகும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு அது நீலகிரியில் வெலிங்டனில் உள்ளது. படைப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்களுக்குப் பெங்களூருவில் உள்ளது. திருமணம், குழந்தை பிறப்பு, பெயர் மாற்றம் எல்லாம் அங்கே ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற பதிவால்தான் ஏறும். பெயர் வேறுபாட்டுக்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி முன்னிலையில் எழுதி, ஆதார் நகல், டிஸ்சார்ஜ் புத்தக நகல் ஆகியவற்றை இணைத்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக அனுப்புங்கள். நேராகவும் அனுப்பலாம், ஆனால் நல அலுவலகத்தின் முகப்புக் கடிதத்தோடு போகும் விண்ணப்பத்துக்கு விரைவில் பதில் வருவதைப் பார்த்திருக்கிறேன். எதை அனுப்பினாலும் பதிவு அஞ்சலில் அனுப்பி, ரசீதை விண்ணப்ப நகலோடு சேர்த்துத் தைத்து வையுங்கள்.

மனைவியின் பிறந்த தேதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பெரிய பணம் அடங்கியிருக்கிறது. ஓய்வூதியரோ குடும்ப ஓய்வூதியம் பெறுபவரோ 80 வயதை எட்டினால் அடிப்படைத் தொகையில் 20 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கும். 85 வயதில் அது 30 ஆகவும், 90இல் 40 ஆகவும், 95இல் 50 ஆகவும், 100 வயதில் 100 விழுக்காடாகவும் உயரும். மனைவியின் பிறந்த தேதி ஓய்வூதிய ஆணையில் ஏறாமல் இருந்தால், 80 வயது முடிந்ததைக் கணினி அறியாது. கூடுதல் தொகையும் தானாக வராது. எண்பதைத் தாண்டிய பாட்டிமார் பலர் இந்தத் தொகையைக் கேட்டதே இல்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்தக் கட்டுரையில் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

ஓய்வூதியக் கணக்குகள் இப்போது ஸ்பர்ஷ் என்ற இணையதளத்துக்கு மாற்றப்பட்டுள்ளன. அதில் உள்ள விவரமே இனி இறுதி விவரம் என்பதால், கடவுச்சொல்லைப் பெற்று உள்ளே நுழைந்து, அங்கே பதிவாகியுள்ள பெயர்களையும் தேதிகளையும் பாருங்கள். கைப்பேசிப் பழக்கம் இல்லாதவர்கள் பொதுச் சேவை மையத்தில் இதைச் செய்யலாம். கடவுச்சொல்லை மட்டும் உங்கள் குறிப்பேட்டில் நீங்களே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மையத்துக்காரரிடம் விட்டுவிட்டு வரக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறை தர வேண்டிய உயிர்வாழ் சான்றை ஜீவன் பிரமாண் செயலி மூலம் முகத்தைப் படம் பிடித்தே வீட்டிலிருந்து அனுப்பிவிடலாம். விரல் ரேகை தேய்ந்த முதியவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

படைவீரர் இறந்தால்

துக்க வீட்டில் காகிதத்தைப் பற்றிப் பேசுவது கடினம். ஆனாலும் பதினாறாம் நாள் காரியம் முடிந்த உடனாவது மூத்த மகனோ மகளோ இதைக் கையில் எடுக்க வேண்டும். இறப்புச் சான்று வந்ததும் ஸ்பர்ஷ் தளத்தில் இறப்பைத் தெரிவித்து, குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பியுங்கள். இறப்பைச் சொல்லாமல் விட்டால் கணவரின் ஓய்வூதியம் கணக்கில் தொடர்ந்து விழும்; பின்னர் அது மொத்தமாகப் பிடித்தம் செய்யப்படும்போது குடும்பம் திணறிப்போகும். ஓய்வுக்குப் பின் இறந்தவரின் மனைவிக்குச் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு என்ற கணக்கில் வரும். கணவர் இறந்ததிலிருந்து ஏழு ஆண்டு வரையோ, அவர் உயிரோடு இருந்தால் 67 வயதாகும் நாள் வரையோ, இவற்றில் எது முந்தியதோ அதுவரை, உயர்த்தப்பட்ட விகிதத்தில் கிடைக்கும். பணி காரணமான இறப்பு என்று ஏற்கப்பட்டால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் 60 விழுக்காடு. போரிலோ தீவிரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கையிலோ வீரமரணம் அடைந்தவரின் மனைவிக்குக் கடைசிச் சம்பளம் முழுவதும் கிடைக்கும். எந்த வகை என்பது ஓய்வூதிய ஆணையில் எழுதப்பட்டிருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள்.

இ.சி.எச்.எஸ். அட்டையும் பாலிகிளினிக்கும்

ஓய்வூதியம் பெறும் படைவீரருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் இந்த மருத்துவத் திட்டம் உரியது. ஓய்வுபெறும்போது ஒரே ஒரு முறை பங்குத்தொகை கட்டினால் போதும். அதன்பின் மாதத் தவணையோ ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணமோ இல்லை. 1996க்கு முன் ஓய்வுபெற்றவர்களும் போர் விதவைகளும் அந்தப் பங்குத்தொகையையும் கட்ட வேண்டியதில்லை. சிகிச்சைச் செலவுக்கு இத்தனை லட்சம் என்ற உச்சவரம்பு கிடையாது. ஏற்கெனவே நோய் உள்ளவர் என்று தள்ளிவிடவும் முடியாது. தனியார் காப்பீட்டில் சேர்ந்து, பின் பொடி எழுத்து நிபந்தனைகளில் சிக்கிக்கொண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மகன் 25 வயது வரை, அதற்கு முன் வேலையோ திருமணமோ ஆகிவிட்டால் அதுவரை, சார்ந்தவராகக் கருதப்படுவார். மகள் திருமணமோ சொந்த வருமானமோ ஆகும்வரை. பெற்றோரையும் சேர்க்கலாம். அவர்களுடைய சொந்த மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்குக் கீழே இருக்க வேண்டும். வீட்டில் வயதான தாய் தகப்பன் இருந்தும் அவர்கள் பெயரைச் சேர்க்காமல் விட்டவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். கணவர் இறந்தபின் மனைவி தம் பெயரில் அட்டையை மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய அட்டையையே நீட்டினால் அவசர நேரத்தில் மருத்துவமனை வாசலில் நிற்க நேரிடும்.

வழக்கமான சிகிச்சைக்கு, இந்தத் திட்டத்தின் மருத்துவ மையமான மதுரை பாலிகிளினிக்கில் மருத்துவரைப் பார்த்து, அவர் தரும் பரிந்துரைச் சீட்டோடு, திட்டத்தின் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்குச் சென்றால் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். பட்டியல் அவ்வப்போது மாறும் என்பதால், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன் அந்த மருத்துவமனை இன்றைக்கும் பட்டியலில் இருக்கிறதா என்றும், உங்கள் நோய்க்குரிய பிரிவுக்கு அனுமதி உண்டா என்றும் பாலிகிளினிக்கிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இதயத்துக்கு அனுமதி பெற்ற ஒரு மருத்துவமனை கண்ணுக்கும் அனுமதி பெற்றிருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

மருந்து இல்லை என்று சொல்லப்பட்டால் வாய்வார்த்தையோடு திரும்ப வேண்டாம். இருப்பில் இல்லை என்பதை மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். வெளியில் வாங்குவதற்கோ பணம் திரும்பப் பெறுவதற்கோ அதுவே ஆதாரம். எழுமலையிலிருந்தும் டி.கல்லுப்பட்டியிலிருந்தும் பேருந்து ஏறி வருகிற முதியவர்கள், பாதி மருந்தோடு திரும்பி, மீதியைக் கைக்காசில் வாங்கி, ரசீதையும் தொலைத்துவிடுகிறார்கள்.

அவசர நேரத்தில் பரிந்துரைச் சீட்டு தேவையில்லை. பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கு அட்டையோடு நேரே செல்லலாம். நெஞ்சு வலிக்கோ விபத்துக்கோ பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்துவிட்டால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்ல வேண்டும். குடும்பங்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். என் உறவினர் ஒருவரை நள்ளிரவில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். தகவல் சொல்ல வேண்டும் என்பது நான்காம் நாள்தான் எங்களுக்கு நினைவு வந்தது. கட்டிய பணத்துக்காக அலைந்த அலைச்சல் சிகிச்சையைவிட நீண்டது. எனவே பாலிகிளினிக்கின் தொலைபேசி எண்ணையும் அட்டை எண்ணையும் ஒரு தாளில் எழுதி, சமையலறைச் சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். தகவல் சொன்ன நேரத்தையும் பேசியவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அவசரநிலை என்று மருத்துவமனை எழுதிய சான்று, வெளியேற்றக் குறிப்பு, அசல் ரசீதுகள் மூன்றும் இல்லாமல் பணம் திரும்ப வராது. வரும்போதும் அரசு நிர்ணயித்த கட்டண அளவுக்கே வரும், கட்டிய முழுத்தொகையும் வராது.

ஊனமுற்றோர் ஓய்வூதியம்

பணியின்போது ஏற்பட்ட, அல்லது பணியால் மோசமடைந்த காயத்துக்கோ நோய்க்கோ, ஊனம் 20 விழுக்காடோ அதற்கு மேலோ என்று மருத்துவக் குழு மதிப்பிட்டால், வழக்கமான ஓய்வூதியத்துடன் ஊனத்துக்குரிய பங்கும் சேர்த்துக் கிடைக்கும். நூறு விழுக்காடு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு என்பது கணக்கு. கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று கொண்டால், நூறு விழுக்காட்டுக்கு 12,000 ரூபாய்; 20 விழுக்காட்டுக்கு 2,400 ரூபாய். ஆனால் 50க்குக் கீழ் உள்ள மதிப்பீட்டை 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 ஆகவும், அதற்கு மேல் உள்ளதை 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. அதன்படி அந்த 2,400 ரூபாய் 6,000 ரூபாயாகிறது. முதலில் இது ஊனத்தால் பணியின் இடையிலேயே அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டுமே தரப்பட்டது. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பால், பணிக்காலம் முடித்து ஊனத்துடன் ஓய்வுபெற்றவர்களுக்கும் உரியதாயிற்று. பழைய ஓய்வூதியர் பலர் இன்னும் உயர்த்தப்படாத தொகையையே வாங்கிக்கொண்டிருக்கக்கூடும். ஓய்வூதிய ஆணையை எடுத்து விழுக்காட்டைப் பாருங்கள்.

மறுக்கப்பட்டவர்கள் முதலில் செய்ய வேண்டியது, ஓய்வுபெறும்போது நடந்த மருத்துவக் குழுவின் அறிக்கை நகலைப் பெறுவது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதினால், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். நோய் பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்று ஒற்றை வரியில் எழுதி, காரணம் எதுவும் சொல்லாமல் விட்டிருந்தால், அந்த வரியே உங்கள் வழக்கின் தொடக்கம். 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: படையில் சேரும்போது எடுத்த மருத்துவப் பரிசோதனையில் குறிக்கப்படாத நோய் பின்னால் தெரியவந்தால், அது பணியால் வந்தது என்றே முதலில் கொள்ள வேண்டும்; இல்லை என்று நிறுவும் பொறுப்பு அரசுக்கே உரியது. பதினெட்டு வயதில் முழு உடல்நலத்தோடு போனவர் நாற்பதில் காது கேளாமலும் இரத்த அழுத்தத்தோடும் திரும்பினால், அதை நிரூபிக்கும் சுமையை அவர் தலையிலேயே ஏற்றுவது நியாயம் ஆகாது என்பதே என் உறுதியான கருத்தும். 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்துள்ளன. அவை முன்னையவற்றைவிடக் கண்டிப்பானவை. எனவே நீங்கள் ஓய்வுபெற்ற தேதிக்கு எந்த விதி பொருந்தும் என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறுப்பு ஆணை வந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதுவும் மறுக்கப்பட்டால் இரண்டாம் மேல்முறையீடு உண்டு. பின்னர்தான் தீர்ப்பாயம்.

தீர்ப்பாயத்துக்குப் போவது

ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்றக் கிளை இருப்பதால், நம்மவர்கள் நேரே அங்கே வழக்குத் தொடுக்க நினைக்கிறார்கள். படைப்பணி, ஓய்வூதியம் தொடர்பான வழக்குகள் முதலில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கே போக வேண்டும். நமக்கு அது சென்னை அமர்வு. தீர்ப்பாயத்தின் முடிவிலும் குறை இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு செய்யலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2023இல் உறுதிப்படுத்தியுள்ளது. இறுதி ஆணை வந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்க வேண்டும். காலம் கடந்துவிட்டது என்று கைவிட்டுவிடவும் வேண்டாம். ஓய்வூதியம் குறைவாகத் தரப்படுவது மாதந்தோறும் தொடரும் தவறு என்பதால் தாமதமாகவும் கேட்கலாம். ஆனால் நிலுவை பொதுவாக மூன்று ஆண்டுக்கே கிடைக்கும் என்று 2008இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தாமதத்தின் விலை இதுதான்: இருபது ஆண்டு இழந்தவர் மூன்று ஆண்டை மட்டும் மீட்கிறார்.

வழக்கறிஞர் செலவுக்கு அஞ்சுபவர்கள், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987 ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. படைவீரரின் மனைவி இந்த ஒரு வரியைத் தெரிந்துகொண்டு போனால் போதும்.

ஓய்வூதியம் இல்லாதவர்கள்

பதினைந்து ஆண்டு முடிக்காமல் வந்ததால் ஓய்வூதியம் பெறாத முன்னாள் படைவீரர்களில், ஹவில்தார் பதவி வரை இருந்து 65 வயதைக் கடந்தவர்களுக்கும், அவர்களுடைய விதவையருக்கும் வறுமை உதவித்தொகை உண்டு. மாதம் 4,000 ரூபாயாக இருந்த அது, 2025 நவம்பர் 1 முதல் தரப்படும் விண்ணப்பங்களுக்கு 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாகவே இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கே காரியம் நகரவில்லை என்றால், மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்குங்கள்.

2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நான்கு ஆண்டில் வெளிவருவோருக்கு ஓய்வூதியமும் இல்லை, இ.சி.எச்.எஸ். அட்டையும் இல்லை. பணியால் ஏற்பட்ட ஊனத்துக்கு மட்டும் 50, 75, 100 விழுக்காடு என்ற படிநிலைகளில் முறையே 15, 25, 44 லட்சம் ரூபாய் ஒரு முறைத் தொகையாகத் தரப்படும். ஆகவே பயிற்சியில் முழங்கால் சுளுக்கினால்கூட அதைப் பிரிவு மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்யும்படி மகனிடம் சொல்லுங்கள்.

மாற்றம் கேட்பது

இந்தப் பிள்ளைகளுக்கும் மருத்துவ வசதி வேண்டும் என்றோ, இ.சி.எச்.எஸ். திட்டத்தை ஆணையாக விடாமல் சட்டமாகவே இயற்ற வேண்டும் என்றோ நினைப்பவர்கள் அதைக் கேட்கவும் வழி இருக்கிறது. ‘ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம்’ என்ற கோரிக்கைக்கு உரம் சேர்த்தவற்றுள், மாநிலங்களவையின் மனுக்கள் குழுவுக்கு வந்த ஒரு மனுவும் உண்டு. பகத் சிங் கோஷியாரி தலைமையிலான அந்தக் குழு 2011 டிசம்பரில் அதை ஏற்றுப் பரிந்துரை செய்தது. அத்தகைய மனுவை நீங்களும் எழுதலாம். தமிழில் எழுதினால் ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பை இணைத்து, மரியாதையான நடையில், கோரிக்கை ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லி, கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும்; மாநிலங்களவை உறுப்பினர் ஒருவரின் மேலொப்பத்தையும் கேட்டுப் பெறுங்கள். ஊர்ச் சங்கத்தில் இருபது பேர் தங்கள் சொந்த அனுபவத்தைத் தேதியோடும் தொகையோடும் எழுதிக்கொடுத்தால், அவற்றை இணைப்பாக வையுங்கள். மஞ்சள் பையோடு வந்த அந்த அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் ஆவணித் தொடக்கத்தில் நிலுவையோடு வந்து சேர்ந்தது. பிறந்த தேதித் திருத்தத்துக்கான விண்ணப்பம் இன்னும் ரெக்கார்ட் ஆபீஸில்தான் இருக்கிறது. அதன் நகலை மனுவில் இணைக்கச் சொல்லி அவரே என்னிடம் கொடுத்துச் சென்றிருக்கிறார்.